கரையின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள்

படகுத்துறை, தூண்டில் போட உட்காரும் கல், மாலையில் நடக்கும் பாதை, மரத்தடி பெஞ்சு. பொழுதுபோக்குக்கென்று உண்டாக்கிய ஒரு சின்ன ஏரியில் மனிதர்கள் நிற்கும் இடங்களை வரிசையாகச் சொன்னால், எல்லாமே தண்ணீரைப் பார்த்த இடங்களாக இருக்கும். அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கும் மண்கரைக்கு ஒரு வெளிப்பக்கம் உண்டு. அங்கே புதர், முள், காலில் ஒட்டும் சேறு. யாரும் இறங்குவதில்லை. ஆனால் ஒரு மண் அணைக்கு உடம்பு சரியில்லை என்றால், அது முதலில் தெரிவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

சிறிய மண் அணைகளைச் சுற்றிப் பார்த்து நிலைமையை எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெரிய அணைகளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அளவுமானிகள் இருக்கின்றன, பதிவேடு இருக்கிறது. ஓர் ஓடையை இருபது முப்பது அடிக் கரையால் மறித்து, படகு விடவும் மீன் பிடிக்கவும் என்று கட்டிய ஏரிகளுக்கு இவை அநேகமாக எதுவும் கிடையாது. உரிமையாளர் ஒரு தனிநபராக இருப்பார். இல்லையென்றால் குடியிருப்போர் சங்கம், மனமகிழ் மன்றம், முகாம் நடத்தும் அமைப்பு. கட்டியவர்கள் காலமாகியிருப்பார்கள். வரைபடம் எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட அணைகள் ஏதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பவையும் அல்ல. அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் 90,000-க்கும் மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. எதற்காகக் கட்டியது என்ற இடத்தில் மற்ற எதையும்விட அதிகமாகக் குறிக்கப்பட்டிருப்பது பொழுதுபோக்கு.

"சின்ன அணைதானே" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அணையின் அபாய வகையை முடிவு செய்வது அதன் உயரம் அல்ல. அது உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான். கரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெள்ளம் போகும் வழியில் வீடுகள் இருந்தால் அது உயர் அபாய அணை. இந்த வகை காலத்தோடு மாறவும் செய்யும். கட்டும்போது கீழே மேய்ச்சல் நிலம் இருந்திருக்கும்; நாற்பது வருஷம் கழித்து அங்கே ஒரு தெருவே இருக்கும். கரையில் ஒரு கூடை மண்கூட மாறியிருக்காது, ஆனால் அதைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு பல மடங்கு கூடியிருக்கும். பல சங்கங்களுக்கு இது தெரிவதே இல்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 40 அடி உயரம்தான். மின்சாரத்துக்காகக் கட்டியது, 1957-இல் மின் உற்பத்தி நின்றபின் அதன் ஏரி பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்பட்டது. 1977 நவம்பர் 6, அதிகாலை ஒன்றரை மணிக்கு, பெருமழைக்குப் பின் கரை உடைந்தது. கீழே ஒரு விவிலியக் கல்லூரியின் குடியிருப்பு. 39 பேர் இறந்தார்கள். உடைந்ததற்கு ஒரே காரணத்தை விசாரணைக் குழுவால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. மிகச் செங்குத்தான வெளிச்சரிவு சரிந்திருக்கலாம், உள்ளே மண் அரித்திருக்கலாம் என்றார்கள். என்னை இன்றும் உறுத்துவது வேறு ஒரு விஷயம். 1973-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அந்த வெளிச்சரிவில் மண் சரிந்திருப்பது தெரிகிறது. நாலு வருஷ அவகாசம் இருந்திருக்கிறது. அந்த விபத்துக்குப் பிறகுதான், அரசுக்குச் சொந்தமில்லாத உயர் அபாய அணைகளைச் சோதிக்கும்படி குடியரசுத் தலைவர் கார்ட்டர் ராணுவப் பொறியாளர் படைக்கு உத்தரவிட்டார்.

இதைவிடப் பழைய, இதைவிடக் கொடிய உதாரணமும் ஒரு பொழுதுபோக்கு ஏரிதான். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை, 72 அடி உயர மண் அணை. கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க மாநில அரசு கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய் வழக்கொழிந்தது; அணை கைமாறியது. இடையில் வைத்திருந்த ஒருவர், ஏரியை இறக்குவதற்காகக் கரைக்கு அடியில் பதித்திருந்த அடிக்குழாய்களைக் கழற்றி விற்றுவிட்டார். 1879-இல் பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்று அதை வாங்கியது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே ஃபிரிக் எல்லாம் அதில் உறுப்பினர்கள். மன்றம் கரையைப் பழுது பார்த்தது. ஆனால் அடிக்குழாய்களைத் திரும்ப வைக்கவில்லை. கரைமேல் குதிரை வண்டிகள் போகும்படி உச்சியைச் சில அடி தாழ்த்தியது. விட்டு வளர்த்த மீன்கள் தப்பிவிடாமல் உபரிநீர் போகும் கலிங்கின் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்தது. 1889 மே 31-இல் பெருமழை. கம்பித் தடுப்பில் குப்பை அடைத்தது, ஏரியை இறக்கக் குழாய் இல்லை, தாழ்த்திய உச்சியின் மேல் தண்ணீர் வழிந்தது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் இறந்தார்கள்.

மேலே சொன்னவற்றில் வண்டிப் பாதையும் மீன் தடுப்பும் ஏரியை இன்பமாக்கச் செய்தவை. அந்த மன்றத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இன்று நான் பார்க்கும் ஏரிகளிலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் இருக்கிறது: கலிங்கில் மீன் வலை, ஏரி இன்னும் கொஞ்சம் நிறையட்டும் என்று கலிங்கின் மேல் அடுக்கிய பலகை, நிழலுக்காகக் கரையில் வளர்த்த மரம், பல வருஷமாகத் திறக்காத மதகு. ஏரியை அழகாக வைத்துக்கொள்ள நாம் செய்வதில் பாதி, கரைக்கு விரோதமாகவே இருக்கிறது.

மண்கரை தண்ணீரைத் தாங்கும். தண்ணீர் தன்மேல் ஏறி ஓடுவதைத் தாங்காது. வழிந்த நீர் வெளிச்சரிவில் இறங்கும்போது வேகம் பிடித்து, முதலில் புல்லைப் பெயர்க்கும், பிறகு மண்ணில் ஒரு படி வெட்டும். அந்தப் படி கீழிருந்து மேலாக, ஏரியை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வரும். உச்சியை எட்டிவிட்டால் அப்புறம் நேரம் கிடையாது. ஆகவே எவ்வளவு மழை பெய்தாலும் நீர் கலிங்கு வழியாகத்தான் போக வேண்டும், கரை உச்சி அதற்கு மேலே போதிய உயரத்தில் நிற்க வேண்டும். உச்சி ஒரே மட்டமாகவும் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் மண் அமுங்கி, நடைபாதையும் வண்டித் தடமும் சேர்ந்து, நடுவில் ஒரு சாண் இறங்கியிருந்தால், வழியும் நீர் முழுவதும் அந்தப் பள்ளத்துக்கே கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பள்ளத்தை மட்டக்கருவி வைத்து அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். செலவும் குறைவு. ஒரு சங்கம் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

கலிங்கு கான்கிரீட்டாக இருந்தால் நிம்மதி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள டாட்புரூக் நீர்த்தேக்கம் பழைய மண் அணை; கால்வாய்க்காகக் கட்டியது, பாய்மரப் படகு மன்றமும் பயன்படுத்தியது. 2019 ஆகஸ்ட் 1 அன்று அதன் துணைக் கலிங்கின் கான்கிரீட் பாளங்கள் நீர் ஓடிக்கொண்டிருந்தபோதே பெயர்ந்து விழுந்தன. அடியிலிருந்த கரை மண் அரித்துக்கொண்டு போனது. சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள். ஹெலிகாப்டரில் ஜல்லி மூட்டைகளைக் கொண்டுவந்து ஓட்டையில் போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. கலிங்கின் வடிவமைப்பே குறைபாடுள்ளது, பராமரிப்பும் விட்டுவிட்டுத்தான் நடந்தது என்று ஆய்வறிக்கைகள் சொல்லின. பாளங்களின் இணைப்புகளில் செடி முளைத்திருந்த படங்களை அன்று உலகமே பார்த்தது. இணைப்பில் ஒரு செடி முளைத்திருக்கிறது என்றால், அங்கே நீர் புக இடமும் இருக்கிறது.

பெரிய மண் அணைகளின் உடைப்புகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய பாதி கரைமேல் வழிந்ததாலோ கலிங்கு செயலிழந்ததாலோ நேர்ந்தவை. கிட்டத்தட்ட மீதிப் பாதி உள்ளரிப்பு, அதாவது கரைக்குள் கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போவது. சரிவு பெயர்ந்து உடைந்தவை கொஞ்சம்தான். உள்ளரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு மழைகூடத் தேவையில்லை. வெயில் அடிக்கும் நாளிலும் நடக்கும்.

எல்லா மண்கரையிலும் நீர் கசியும். கசியாத கரை கிடையாது. கேள்வி, அந்த நீர் தன்னோடு மண்ணையும் எடுத்து வருகிறதா என்பதுதான். வெளியே வரும் இடத்தில் ஒரு மண்துகள் கழன்றால், அடுத்த துகளுக்குப் பிடிப்பு குறைகிறது. இப்படியே அரிப்பு கரையின் வெளிப்பக்கத்திலிருந்து ஏரியை நோக்கி ஒரு குழலாக நீளும். குழல் நீள நீள, நீர் கடந்து வர வேண்டிய தூரம் குறையும், அழுத்தம் கூடும், அரிப்பு இன்னும் வேகமாகும். பல வருஷம் சும்மா இருந்த கசிவு சில மணி நேரத்தில் உடைப்பாக மாறுவது இப்படித்தான்.

ஒரு ஏரிக்கரையின் வெளிப்பக்கம் இறங்கியபோது, கூட வந்த காவலாளி என்னைத் தடுத்தார். "சார், அங்க போகாதீங்க, எப்பவுமே சதசதன்னு இருக்கும்." எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து இப்படித்தான் சார், பயப்பட ஒண்ணுமில்ல." சுற்றிலும் காய்ந்த புல், கரையடியில் மட்டும் ஆள் அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று கோரை. நடுவில் ஒரு சின்ன ஊற்றுக்கண். அதைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி ஒரு மணல் வளையம். அந்த மணல் மேலிருந்து வந்து விழுந்ததல்ல, உள்ளேயிருந்து வந்தது. வளையத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் கவனிக்காதவர் அல்ல; தினமும் பார்த்தவர். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சங்கத்தாரும் கேட்டதில்லை.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கசியும் நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, அசைக்காமல் வையுங்கள். மறுநாள் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது அளவு. கசிவு நீரை ஒரு சின்ன வாய்க்காலில் திருப்பி, குறுக்கே 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகடு ஒன்றைப் பொருத்திவிட்டால், வெட்டில் நிற்கும் நீரின் உயரமே அளவைச் சொல்லிவிடும். 5 செ.மீ. நின்றால் நொடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். 10 செ.மீ. நின்றால் நொடிக்கு சுமார் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல் கூடும். ஆகவே சின்ன ஏற்றத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அன்றைய ஏரி மட்டத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஏரி ஏறும்போது கசிவு ஏறுவது இயல்பு. ஏரி அதே மட்டத்தில் இருக்கக் கசிவு மட்டும் ஏறினாலோ, நீர் கலங்கினாலோ, அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். திடீரென்று குறைந்தாலும் மகிழ வேண்டாம். நீர் வேறு வழி பிடித்திருக்கலாம்.

உள்ளரிப்புக்கு மிகப் பிடித்த இடம் அடிக்குழாயின் ஓரம். மதகுக் குழாயின் அடிவயிற்றுப் பக்கம் மண்ணை இறுக்கிக் கெட்டிப்பது கடினம். அங்கே விட்ட இடைவெளியில் நீர் குழாயை ஒட்டியே நடக்கும். பழைய அணைகளில் இதைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் கட்டினார்கள். அவற்றின் ஓரத்திலும் மண்ணைக் கெட்டிக்க முடியாததால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இப்போது வெளிப்பக்கக் குழாயைச் சுற்றி அளவாகச் சலித்த மணல் வடிகட்டி வைக்கிறார்கள். நீர் வரும், மண் வராது. குழாயும் சாசுவதமல்ல. நெளிதகட்டு இரும்புக் குழாய்களின் ஆயுள் பொதுவாக 25 முதல் 50 ஆண்டுகள். உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் அதற்குள் உதிரும், கரைமேல் ஒரு குழி விழும். குழியில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குழிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியும்வரை அது மூட வேண்டிய குழி அல்ல. கொலராடோவின் மலைமேல் 1903-இல் பாசனத்துக்காகக் கட்டிய லான் லேக் அணை 1982 ஜூலை 15-இல் உடைந்து 3 பேர் இறந்தார்கள். குழாயும் அடைப்பானும் சேரும் இணைப்பில் இருந்த ஈயப் பூச்சு கெட்டுப்போய் நீர் கசிந்ததே தொடக்கம்.

பொழுதுபோக்கு ஏரிக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. பாசன ஏரி வருஷா வருஷம் இறங்கும், உட்பக்கச் சரிவு வெளியே தெரியும், மதகு திறந்து மூடப்படும். படகு ஏரி எப்போதும் ஒரே மட்டத்தில் நிறைந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறார்கள். அதனால் உட்சரிவை யாரும் பார்ப்பதே இல்லை. அலை ஒரே உயரத்தில் அடித்து அடித்து அங்கே ஒரு திண்ணை வெட்டியிருக்கும். மதகோ துருப்பிடித்து இறுகியிருக்கும். அவசரம் என்று வரும்போது ஏரியை இறக்க இருக்கும் ஒரே வழி அதுதான். வருஷத்துக்கு ஒரு முறையாவது மதகை முழுவதும் திறந்து மூட வேண்டும். ஆனால் பல வருஷம் திறக்காததை முதல் தடவை திறக்கும்போது, திரும்ப மூடாமல் போனால் என்ன செய்வது என்று முடிவு செய்துகொண்டு, பொறியாளரை வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். ஏரியை வேகமாக இறக்கவும் கூடாது. ஏரிப் பக்கத்தில் தண்ணீரின் தாங்கல் போய், கரைக்குள் நீர் மட்டும் தங்கிவிட்டால் உட்சரிவு சரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம் என்பது பல பொறியாளர்கள் கைக்கொள்ளும் வழக்கம்.

மரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டத்தில் சண்டை வந்துவிடும். எனக்கும் மரம் பிடிக்கும். ஆனால் மண்கரையின் மேல் அதற்கு இடமில்லை. காற்றில் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். பட்டுப்போனால் வேர் மக்கி உள்ளே குழல் குழலாக வழி விடும். நிழலில் புல் வளராது, மழை மண்ணை அரிக்கும், எலியும் பிற வளை தோண்டும் பிராணிகளும் குடியேறும். அதற்காகப் பெரிய மரங்களை ஒரே நாளில் வெட்டித் தள்ளுவதும் ஆபத்துதான். வெட்டியபின் வேர் மக்கத் தொடங்கும். கை தடிமன் வரை உள்ளவற்றை வெட்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் ஏரியை இறக்கி, வேரோடு தோண்டி எடுத்து, அதே மாதிரி மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்ப வேண்டும். இதைப் பொறியாளர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கரையில் இருக்க வேண்டியது கட்டையாக வெட்டிய புல் மட்டுமே. புல் குட்டையாக இருந்தால்தான் வளையும் விரிசலும் ஈரமும் கண்ணில் படும்.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. கோடையில் களிமண் காய்ந்து மேலாக வெடிப்பது ஒன்றும் செய்யாது. கரையின் நீளவாட்டில் ஓடி, ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கும் விரிசல், சரிவு பெயரத் தொடங்கியிருப்பதன் அடையாளம். குறுக்காக, ஏரியிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஓடும் விரிசல் நீருக்கு நேர்வழி. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தும். இரண்டு முனையிலும் முளைக்குச்சி அடித்து வையுங்கள். அடுத்த வாரம் குச்சியைத் தாண்டியிருந்தால் விஷயம் நகர்கிறது.

உடைப்பின் அறிகுறி கண்முன் தெரிந்தால், முதல் வேலை கீழே உள்ளவர்களுக்கும் அவசர சேவைக்கும் சொல்வது. கரையைக் காப்பாற்றுவது அப்புறம். கலங்கிய ஊற்றைக் களிமண்ணாலோ கல்லாலோ வெளிப்பக்கத்தில் அடைக்கக் கூடாது. நீர் வேறு இடத்தில் பீறிடும். சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி நீர்மட்டத்தை உயர விட்டால் வேகம் தணியும். அதன்மேல் மணலும் பிறகு சரளையும் போட்டால் மண் வெளியேறுவது நிற்கலாம். அடைக்க வேண்டுமென்றால் ஏரிப் பக்கத்தில், சுழி தெரியும் இடத்தில்தான். கரையில் ஆள் நிற்பது பாதுகாப்பானதா என்ற கேள்வியை ஒவ்வொரு நிமிஷமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் முன்கூட்டியே ஒரு தாள் தயாராக இருக்க வேண்டும். வெள்ளம் எந்த வழியாகப் போகும், எந்த வீட்டை எத்தனை நிமிஷத்தில் எட்டும், அந்த வீடுகளின் தொலைபேசி எண்கள், மதகின் சாவி யாரிடம், நள்ளிரவில் மணலும் மண்வெட்டி இயந்திரமும் யார் தருவார்கள். நான் பார்வையிட்ட சங்கங்களில் மீன்பிடி விதிகள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். இந்தத் தாள் இருக்காது. கரையைச் செப்பனிடப் பணம் சேர்வதற்குச் சில வருஷம் ஆகலாம், ஒருவேளை சேராமலே போய், ஏரியை நிரந்தரமாகத் தாழ்த்துவதா, கரையை முறையாக வெட்டி அகற்றிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியும் வரலாம். அந்த இரண்டும் வெட்கப்பட வேண்டிய முடிவுகள் அல்ல. ஆனால் தாளை எழுத ஒரு மாலைப் பொழுது போதும். எழுதியதும் கீழே உள்ள வீடுகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தங்கள் தலைக்கு மேலே ஓர் அணை இருப்பதே தெரியாதவர்கள் அங்கே இருப்பார்கள்.